முதல் வரிசையில் நம் பெயர்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்! நம் திட்ட அலுவலகத்துப் பெரிய திரையில் எல்லா வேலைகளும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக ஓடுகின்றன. அதெல்லாம் புரிகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரிசையில், ‘நாம்’ என்று ஒன்று இருக்கிறதே, அது எந்த வேலை என்று கேட்டீர்களாம். யாருக்கும் சொல்லத் தெரியாமல், “சவரியம்மாவக் கேளுங்க” என்று கைகாட்டிவிட்டார்களாம்.

கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. அந்த வரிசையை வைத்தவள் நான். என் கையால், ஒரு குண்டூசியால்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எண் நன்றாக வரும், எழுத்து கூட்டித்தான் வரும். அதனால் நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவள் அழகுபடுத்திய இடங்களை அடிக்கச் சொல்லிவிட்டேன். நிதானமாகத்தான் சொல்வேன். பொறுத்துக் கேளுங்கள்.

கடலூர் சிப்காட்டில் நம் ஷெட்டில் அன்றைக்கும் இப்போது போலத்தான், ஐந்தாறு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு மூலையில் ரசாயனத் தொட்டி, ஒரு மூலையில் கன்வேயர், ஒரு மூலையில் ரைஸ் மில் சாமான். எது முந்த வேண்டும், எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் திட்ட அலுவலகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நீங்கள் பி.எம்.ஓ. என்கிறீர்கள். அப்போது ஷெட்டில் அதற்கு வேறு பெயர்: போலீஸ் ஸ்டேஷன்.

பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. எங்கள் பெரிய சார் கெட்டிக்காரர், நேர்மையானவர், ஆனால் சிவப்பைக் கண்டால் ஆகாது. அன்றைக்குத் திரை கிடையாது, சுவரில் அட்டைதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை. நன்றாகப் போனால் பச்சை, தடங்கல் என்றால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. திங்கட்கிழமை காலையில் எல்லா மேஸ்திரிகளும் இன்ஜினியர்களும் அந்தச் சுவர் முன்னால் நிற்பார்கள். சிவப்பு அட்டை விழுந்தவருக்கு அரை மணி நேரம் மண்டகப்படி. அதனால் என்ன ஆகும்? எல்லாரும் பச்சை என்பார்கள். சுவர் முழுக்க நாற்றங்கால் போல ஒரே பச்சை. வெளியே ஒரு சாமானும் போகாது.

அந்த அட்டையைக் குத்துகிற வேலை எனக்கு. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அதே ஷெட்டில் வெல்டிங் கசடு தட்டி, கூட்டிப் பெருக்கியவள் நான். ஆபீசுக்குள் வந்ததும் இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஷெட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ‘பே’ என்று பெயர்; ஒவ்வொரு பேயிலிருந்தும் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் எத்தனை டீ வேண்டும் என்று எனக்கு போன் வரும். நான் கேட் பக்கத்து டீக்கடைக்குச் சொல்வேன். கடைக்காரர் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஒரு திங்கட்கிழமை, கன்வேயர் மேஸ்திரி பச்சை என்றார். இருபது பேர் வேலை செய்கிறார்கள் என்றார். எனக்கு வாய் சும்மா இல்லை.

“சார், அந்தப் பேய்க்கு எட்டு டீதான் போவுது.”

பெரிய சார் எழுந்து நேராக அங்கே போனார். எண்ணிப் பார்த்தார். எட்டுப் பேர்! மீதிப் பேரை மேஸ்திரி வேறொரு ஷெட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார்.

அடேயப்பா, அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை! கழுத்தில் அடையாள அட்டை, அதில் ‘திட்ட உதவியாளர்’ என்று பதவி. சம்பளப் பட்டியலில் என் பெயர் ஆபீஸ் பக்கத்துக்கு மாறியது. சென்னையிலிருந்து யாராவது பார்க்க வந்தால் சார் என்னைக் காட்டி, “நம்ம சாஃப்ட்வேர் சொல்லாதத சவரிம்மா சொல்லுவாங்க” என்பார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பேன். பேய்களில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விட மாட்டேன். சொன்னால் உஷாராகி, குடிக்காத டீக்கும் சேர்த்துச் சொல்வார்களே! என் இடத்திலிருந்து மூன்றாம் பேய்க்கு ஐம்பது அடி. அந்த ஐம்பது அடியை நான் ஒருநாளும் நடக்கவில்லை. எதற்கு நடக்க வேண்டும்? டீ சொல்கிறதே.

இனிமேல்தான் விஷயம்.

காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லுக்கு நெல் உலர்த்தும் டிரையர் செய்துகொண்டிருந்தோம். கோபுரம் ஏற்கெனவே மில்லில் போய் நின்றுவிட்டது. நெல்லை மேலே தூக்கிக் கொட்டுகிற எலிவேட்டர் மட்டும் பாக்கி. அது மூன்றாம் பேயில். அதைச் செய்தது பாயின் கேங். பாய் சிதம்பரத்துக்காரர், தீபாவளிக்குப் பிறகுதான் நம் ஷெட்டுக்கு வந்தார். பதினாலு பேர் கொண்ட கேங். பாயும் அவர் தம்பி மகனும் தவிர மற்றவர்கள் புவனகிரி, சேத்தியாத்தோப்பு பக்கத்துப் பையன்கள். பாய் போட்ட வெல்டிங்கைத் தடவிப் பார்த்தால் விரலில் ஒன்றும் தட்டாது. அவ்வளவு சுத்தம்.

மாசி மாதம். இரண்டாம் போகமான தாளடி அறுவடை. பெய்யக் கூடாத நேரத்தில் மூன்று நாள் மழை. மில் களத்தில் விவசாயிகள் கொண்டுவந்து கொட்டிய நெல் நனைந்துவிட்டது. மில் முதலாளி ஒரு நாளைக்கு ஐந்து தடவை போன் செய்தார். எலிவேட்டர் வந்து டிரையர் ஓடினால் நெல் பிழைக்கும். இல்லாவிட்டால் ஈரம் சூடேறி, குவியலிலேயே முளைவிட்டுவிடும். அந்த விவசாயிகளில் பாதிப் பேர் சொந்த நிலம்கூட இல்லாமல் குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள்.

அதே நேரத்தில் கிறிஸ்தவர்களான எங்களுக்குத் தவக்காலம், பாய்க்கு நோன்பு. இரண்டும் சேர்ந்து வந்த வருஷம். நான் ஒவ்வொரு தவக்காலத்திலும் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவேன். அந்த வருஷம் டீயை விட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லிக் காட்டுவதா தவம்?

மூன்றாம் பேய்க்கு நோன்பு தொடங்கிய பிறகு பன்னிரண்டு டீ போக வேண்டும். பதினாலில் பாயையும் அவர் தம்பி மகனையும் நானே கழித்துவிட்டேன், கணக்கில் நான் அவ்வளவு சுத்தம்! ஆனால் போனில், “யக்கா, மூணு டீ போதும்” என்று வந்தது. மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாளும் மூன்று. ஒரு வாரம் முழுக்க மூன்று.

ஒன்பது பேர் எங்கே? எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இதுவும் கன்வேயர் மேஸ்திரி கதைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். திங்கட்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது. பெரிய சார் சுவருக்கு முன்னால் நின்று கேட்டார்.

“பாய், எலிவேட்டர் ஏன் இன்னும் ஷெட்ட விட்டுக் கெளம்பல? மில்காரர் என் உயிர எடுக்கறாரு.”

“சார், மேல் தலைக்கு ரெண்டு பேரிங்கு...” என்று பாய் ஆரம்பித்தார்.

அவரை முடிக்க விடவில்லை நான். “சார், பே மூணுக்கு மூணு டீதான் போவுது. ஒரு வாரமா.”

சாரின் முகம் மாறியது. “மீதி ஆளுங்க எங்க பாய்? எந்தக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்க?”

அறையில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். பாய் சாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து கேட் பாஸைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இருவத்தாறு வருசம் வெல்டிங் டார்ச் புடிச்சவன் சார் நானு. இரும்புல ஓட்ட வுழுந்தா அடைச்சிடுவேன். பேருல ஓட்ட போட்டா எனக்கு அடைக்கத் தெரியாது. நாளைக்கி வந்து டூல்ஸ எடுத்துக்கறேன்.”

போய்விட்டார். அவர் பின்னாலேயே கேங்கும் போய்விட்டது. எண்ணினேன், அப்போதுதான் முதல் தடவையாக ஆளை எண்ணினேன். கேட்டைத் தாண்டிப் போனவர்கள் பாயோடு சேர்த்துப் பதினாலு பேர்.

அப்படியானால் ஒருவரும் குறையவில்லை!

அரை மணியில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். வேலு, கேங்கில் இரண்டாம் ஆள், எனக்குத் தினமும் போனில் டீ சொல்கிறவன். ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டான்.

“யக்கா, டீய எண்ணுனியே, எங்கள எண்ணுனியா?”

“மூணு போதும்னு நீதானடா சொன்ன?”

“ஆமா சொன்னேன். பாய் மாமா பொழுதுக்கும் எச்சில்கூட முழுங்காம வேல செய்யுது. அது மூஞ்சிக்கு நேரா ஒக்காந்து நாங்க எப்புடி யக்கா டீய உறிஞ்சறது? நாங்களா பேசி வுட்டுட்டோம். அந்த மூணு பேரும் சக்கர வியாதிக்காரங்க. மாத்திர போட்டவங்க. அவுங்களையும் வெல்டிங் திரைக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சித்தான் குடிக்க வெச்சோம்.”

“இத முன்னாடியே சொல்றதுக்கு என்னா?”

“மாமாவுக்கே தெரியாது! தெரிஞ்சா வுடுமா? இதப் போயி ஆபீசுக்கு வேற மனு எழுதிக் குடுப்பாங்களா?”

நான் தவம் என்று சொல்லி டீயை விட்டிருக்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை. ஐம்பது அடி தள்ளி ஒன்பது பேர் தவம் என்றுகூடச் சொல்லாமல் அதையே விட்டிருக்கிறார்கள். அவர்களைத் திருடர்கள் என்று நான் சபையில் சொல்லிவிட்டேன். பிள்ளைகளே, ஒரு எண் உங்களிடம் இருந்தால் அது பொய் சொல்லாது. ஆனால் எதைச் சொல்கிறது என்று அதற்கே தெரியாது. போய்த்தான் கேட்க வேண்டும்.

“வாடா,” என்றேன். “பாய் வீட்டுக்குப் போலாம்.”

சாரிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வேலுவோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “மாமா திட்டும். வாங்கிக்க,” என்றான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பாய் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, கஞ்சிப் பாத்திரம் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து, “வாங்கம்மா, ஒக்காருங்க” என்றார். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் வேலுவைத்தான் முதலில் சொல்லச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். கேட்கக் கேட்க பாயின் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

“அறிவு கெட்டவனுங்களா! நோம்பு எனக்குடா! நெருப்புக்கு முன்னாடி நின்னுனு டீத் தண்ணி இல்லாம எவனாச்சும் மயக்கம் போட்டு வுழுந்திருந்தா? யார்ரா ஒங்கள கேட்டது?”

“நீ கேக்க மாட்டேன்னுதான் மாமா...”

“வாய மூடு! ஒரு வாரமா ஒவ்வொருத்தன் மூஞ்சியும் கருவாடு மாரி காஞ்சி கெடக்கு. நான் வெயிலு ஜாஸ்தின்னு நெனச்சினு இருந்தேன்!” திட்டிக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை மாதிரிதான் துடைத்தார்.

நான் கையெடுத்தேன். “பாய், தப்பு என் மேலதான். பாக்காம சொல்லிட்டேன்.”

“யம்மா, ஒங்க மன்னிப்பு இந்தக் கூடத்துல எனக்கு வேணாம். இங்க என்னத் திருடன்னு யாரும் சொல்லல. சொன்ன எடத்துல சொல்லுங்க.” பிறகு குரலை இறக்கினார். “அத வுடுங்க. அந்தப் பேரிங்கு சீட்டு எங்க இருக்குது தெரியுமா? ஒங்க ஆபீஸ்லதான் தூங்குது. ஒம்பது நாளா. மஞ்ச அட்ட போடுங்கன்னு நான் கேட்டேன். மில்காரரு வந்து செவுத்தப் பாப்பாரு, பச்ச வைன்னாரு சாரு. நீங்கதான் குத்துனீங்க.”

குத்தினேன். எனக்கு ஞாபகம் இருந்தது. அதைவிட மோசமாக இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

அப்போதெல்லாம் எந்தச் சாமான் வாங்குவதானாலும் சீட்டில் எங்கள் ஆபீஸ் சீல் விழ வேண்டும். சீட்டுகள் என்னிடம் வரும், நான் மூன்று தட்டில் பிரித்து வைப்பேன். சிவப்பு வேலையின் சீட்டு மேல் தட்டு, மஞ்சள் நடுத்தட்டு. பச்சை வேலைதான் நன்றாகப் போகிறதே, அவசரம் என்ன? அது கீழ்த்தட்டு. டிரையருக்குப் பச்சை குத்திய அதே கையால் அதன் பேரிங் சீட்டைக் கீழ்த்தட்டில் போட்டவளும் நானே. எல்லாரையும் சிவப்பு என்று சொல்லப் பயப்பட வைத்தோம். பச்சை என்று சொன்னவனைப் பட்டினி போட்டோம்!

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாய் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சியை நகர்த்தினார். குடித்தேன்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஆபீசைத் திறந்தேன். கீழ்த்தட்டில் கையை விட்டேன். எழுத்துதான் எனக்குத் தகராறு, வேலை எண்ணைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அடியில் இருந்தது. சாருக்காகக் காத்திருந்து, வந்ததும், “சார், எல்லாரையும் கூப்பிடுங்க, ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“திங்கக்கெழமை பாத்துக்கலாம் சவரிம்மா. இப்ப வேற டீம் தேடணும்.”

அந்த நேரம் பார்த்து மில் முதலாளி உள்ளே வந்தார். காட்டுமன்னார்கோயிலிலிருந்து விடியலிலேயே கிளம்பியிருக்கிறார், வேட்டியில் சேறு காயவில்லை. கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் கொட்டினார். நெல். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக ஊசி போல முளை.

“ஒரு குவியல் போச்சு சார். மீதிய பொம்பளைங்க ரவ்வும் பகலும் கெளறினு கெடக்கறாங்க. எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்க. எப்ப?”

அவர் சத்தம் கேட்டு இன்ஜினியர்களும் மேஸ்திரிகளும் கூடிவிட்டார்கள். திங்கட்கிழமை இருந்த அதே முகங்கள். சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஆளுங்க பிரச்சன சார். கான்ட்ராக்ட் கேங்கு ஒண்ணு திடீர்னு கழண்டுகிச்சு...”

அப்போது நான் வாசலைப் பார்த்தேன். டூல்ஸ் எடுக்க வந்த பாய் அங்கே நின்றுகொண்டிருந்தார். பின்னால் வேலு.

வாடிக்கையாளர் முன்னால் நம் குறையைச் சொல்லலாமா? நீங்கள் எல்லாரும் படித்தவர்கள், கூடாது என்பீர்கள். எனக்கும் தெரியும். என் அடையாள அட்டை, என் பதவி, சாரின் மானம் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கண்முன் வந்தது. ஆனால் மேசைமேல் நெல் முளைத்துக் கிடக்கிறதே! வேறு கேங் பிடித்து அவர்கள் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் எல்லாக் குவியலும் போய்விடும். சரியான காரணத்தை இப்போது சொன்னால்தான் சரியான வேலை இப்போது தொடங்கும்.

டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். அறுபது வயசுக்கு மேல் நாற்காலியில் ஏறுகிறவளை யாரும் நிறுத்த மாட்டார்கள், விழுந்துவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். சுவரில் முதல் வேலையின் வரிசைக்கும் மேலே வெறும் இடமாகக் கிடந்த பலகையில் அதைக் குத்தினேன்.

“சவரிம்மா, அது எந்த வேலைக்கு?” என்றார் சார்.

“நமக்கு சார்.”

இறங்கினேன். சீட்டை மேசையில் வைத்தேன். “பேரிங் சீட்டு. ஒம்பது நாளா நம்ம சீல் இல்லாம கெடக்குது. பச்ச வேலன்னு நான்தான் அடியில போட்டேன். பாய் ஆளுங்க பதினாலு பேரும் தெனம் வந்தாங்க. பேரிங் இல்லாம என்னென்ன செய்யலாமோ அத்தினியும் முடிச்சிட்டாங்க. பாய் நோம்பு இருக்காருன்னு அவுங்க டீய வுட்டுட்டாங்க. நான் அம்பது அடி நடந்து போயி பாக்காம, ஆளே இல்லன்னு இதே எடத்துல சொன்னேன். தப்பு பாய் மேல இல்ல. நம்ம மேல.”

மில் முதலாளி ஒவ்வொருவராகப் பார்த்தார். “அப்ப என் நெல்லு மொளச்சது ஒரு சீலு இல்லாமயா?”

சார் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். சீலை எடுத்தார். சீட்டில் ஒரே குத்து. அப்புறம் அதே இழுப்பறையிலிருந்து பாயின் கேட் பாஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்து போனார். இரண்டு கையாலும் நீட்டினார்.

“பாய், நேத்து நான் கேட்டது தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

பாய் உடனே வாங்கவில்லை. மேசைமேல் கிடந்த நெல்லைத்தான் பார்த்தார். பிறகு பாஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலுவிடம் திரும்பினார்.

“டேய், பே மூணுக்கு பன்னெண்டு டீ சொல்றா. எவனாச்சும் குடிக்கல, தொலச்சிடுவேன்.”

பேரிங் எங்கே இருந்தது தெரியுமா? புதுச்சேரியில் ஒரு கடை அலமாரியில். ஒரு மணி நேரப் பயணம்! ஆள் அனுப்பக்கூட சார் காத்திருக்கவில்லை. தன் காரை எடுத்தார், “நீங்களும் வாங்க” என்று என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார். பேரிங் இரண்டையும் நான் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது, சார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சவரிம்மா, பச்ச பச்சன்னு கேட்டு வாங்கினது நான்தான். குடுத்தது அவுங்க தப்பில்ல. அந்தச் செவப்ப எடுத்துடாதீங்க. அது அங்கயே இருக்கட்டும்.”

அவருக்கு அன்று வரை நான் பயந்தேன். அன்றைக்கு மேல் மரியாதை.

அந்த வாரத்திலேயே நம் ஆபீஸ் தலைகீழாக மாறியது. மூன்று தட்டும் போயிற்று, வருகிற சீட்டுக்கு அன்றைக்கே சீல். திங்கட்கிழமை மண்டகப்படி போயிற்று. அதற்குப் பதில் தினமும் காலையில் நாங்கள் பேய் பேயாக நடப்போம். முன்னெல்லாம் ‘எப்ப முடியும்?’ என்று கேட்போம். இப்போது முதல் கேள்வி, ‘எங்களால எது நிக்குது?’ முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை, போலீஸ் புது வேஷம் போட்டு வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். இரண்டாம் வாரம் கன்வேயர் மேஸ்திரியே ஒரு சிவப்பு அட்டையைத் தானாகக் கேட்டு வாங்கினார்! எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன்.

இதைத்தான் இன்றைக்கு நீங்கள் பெரிய பெரிய பெயர் வைத்துப் பேசுகிறீர்கள். கண்காணிக்கிற ஆபீஸ் போய்க் கைகொடுக்கிற ஆபீஸ் வந்துவிட்டது என்கிறீர்கள். சரிதான். ஆனால் அது தானாக வரவில்லை, பிள்ளைகளே. நம் பெயருக்கு எதிரில் சிவப்பு வைக்க நமக்குத் தைரியம் வந்த அன்றைக்குத்தான் மற்றவர்களுக்கும் வந்தது. அந்த முதல் வரிசை எப்போதும் பச்சையாகவே இருந்தால், தயவுசெய்து சந்தேகப்படுங்கள்.

சரி, டிரையருக்கு வருகிறேன். செவ்வாய் பொழுது சாய்வதற்குள் பேரிங் ஏறிவிட்டது. புதன் காலை லாரி கிளம்பியது. வீராணம் ஏரிக்கரையில் அந்த நீள எலிவேட்டர் படுத்துக்கொண்டு போனதைப் பார்க்க ஜனங்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்கினார்கள் என்று டிரைவர் சொன்னார். பாய் கேங் இரண்டு நாளில் அதை நிமிர்த்தி நிறுத்தியது. ஓட்டிப் பார்க்கிற வெள்ளிக்கிழமை சார் என்னையும் கூட்டிப்போனார். நான் எங்கள் ஆபீசை விட்டு வெளியே போய், நாங்கள் செய்த ஒரு சாமான் வேலை செய்வதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை!

அடுப்பு மூட்டினார்கள். எலிவேட்டர் ஒரு தடவை முனகி, பிறகு கடகடவென்று ஓட ஆரம்பித்தது. வாளி வாளியாக நெல் மேலே ஏறியது. களத்தில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கீழ்வாயில் முதல் நெல் கொட்டியது. மில் முதலாளி ஒரு கை அள்ளி, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார். கடக் என்று சத்தம் எனக்கே கேட்டது. காய்ந்துவிட்டது! அவர் அந்த நெல்லை என் கையில் கொட்டினார். சுடச்சுட இருந்தது, கீழே போட மனசே வரவில்லை. முளைத்த குவியல் முளைத்ததுதான், அதை யாராலும் திருப்ப முடியவில்லை. மீதி அத்தனையும் பிழைத்தது.

சூரியன் இறங்கியது. ஊருக்குள்ளிருந்து பாங்கு கேட்டது. பாயும் அவர் தம்பி மகனும் தண்ணீர் குடித்தார்கள். அதற்காகவே காத்திருந்த மாதிரி மில்காரர் வீட்டிலிருந்து டீ வந்தது. களத்திலேயே பாயின் ஆட்களும் நானும் வட்டமாக உட்கார்ந்தோம், சார் மில்காரரோடு பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

வேலு ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினான். “பதினாலு. யக்காவோட பதினஞ்சு. எண்ணிக்க யக்கா, அப்புறம் மாத்திச் சொல்லாத!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரவர் டம்ளர் காலியானது. என்னுடையது மட்டும் ஆடை படிந்து அப்படியே இருந்தது. பாய்தான் கவனித்தார்.

“என்னாம்மா, குடிக்கல? சக்கர பத்தலயா?”

“இல்ல பாய். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் டீ கெடையாது எனக்கு.”

“நீங்களுமா?” பாய் வாயைப் பிளந்தார். “எத்தினி நாளா?”

“ஒங்களுக்கு ஆரம்பிச்சப்பவே எனக்கும் ஆரம்பிச்சிது.”

அவர் என் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சாரின் பக்கம் திரும்பினார்.

“சார், எழுதிக்கங்க! பதினஞ்சு டீ வந்துச்சி, பதினாலுதான் காலி. சவரியம்மா இன்னிக்கி வேலைக்கே வரல!”